சுண்டுவின் கையெழுத்து

நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்லச் சொல்ல அதைத் தட்டச்சு செய்வதுதான் அவளுடைய வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் ஸ்டெனோ. அவளுக்கு ஒரே மகள். பிறந்த அன்று அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால் சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்து, பள்ளிக்கூடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் அவருடைய குரல் மட்டும்தான் இருக்கும், அதுவும் போனில்.

சுண்டு இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் வாங்கினார்கள். கூடவே பிரின்சிபால் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ‘கையில் பாதி, கீயில் பாதி’ என்று அதற்குப் பெயர். வகுப்பில் பிள்ளைகள் எல்லாவற்றையும் டைப் செய்வார்கள். கையெழுத்து வீட்டில், தினமும் இரண்டு பக்கம், இரட்டைக்கோடு நோட்டில். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த இரண்டில் ஒரு பாதி முழுதாகத் தன் தலையில் விழுந்திருக்கிறது என்பது ஸ்டெனோவுக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது.

வேலை முடிந்து, பக்கத்து வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு அவள் கதவைத் திறக்கும்போது விளக்கு வைக்கும் நேரமாகியிருக்கும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சமையலறை வாசலில் மடக்கு மேஜையைப் போட்டுச் சுண்டுவை உட்கார வைப்பாள். வேறு இடம் இல்லை. மேஜையைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேதான், வெளியே இருப்பவர் வெளியேதான். ஒருத்தி கரண்டியோடு, ஒருத்தி பென்சிலோடு.

டேப்பில் ‘கொ’ அடிக்க வேண்டுமானால் முதலில் க-வைத் தட்ட வேண்டும். பிறகு ஒரு தட்டு தட்டினால் கொம்பு தானாகவே முன்னால் போய் நின்றுகொள்ளும், கால் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். சுண்டு நோட்டிலும் அதே வரிசையில்தான் எழுதினாள். முதலில் க. பிறகு கால். அதற்குப் பிறகுதான் கொம்புக்கு இடம் தேடுவாள். இடம் ஏது? முந்தின எழுத்தின் முதுகில் ஏறிக்கொண்டு நிற்கும். ண-வுக்குச் சுழி எண்ணிக்கொண்டே போய் நான்காவதும் போட்டுவிடுவாள்.

“கொம்பை முதல்ல போடு சுண்டு.”

“டேப்ல கடைசியாத்தான் போடணும்.”

“அது டேப். இது நோட்டு.”

“அப்ப ரெண்டுல எது பொய்?”

“ரெண்டும் பொய் இல்ல. பேசாம எழுது.”

அழிப்பாள், எழுதுவாள், மறுபடி அழிப்பாள். காகிதம் கிழியும். கிழிந்ததைப் பார்த்து அழுகை வரும். ஒருநாள் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நோட்டின் மேலேயே நெற்றியை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் பாதிதான் முடிந்திருந்தது. முடிக்காதவர்களின் பெயர்களை மறுநாள் காலையில் பெற்றோர் குழுவில் போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை போட்டாகிவிட்டது.

ஸ்டெனோ பென்சிலை எடுத்தாள். வலது கையில் எழுதிய முதல் எழுத்தே பெரியமனுஷத்தனமாக வந்து நின்றது. அழித்துவிட்டு இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கோடு நடுங்கியது, சுழி கோணியது. அச்சு அசலாகச் சுண்டு. அந்தப் பக்கத்தை முடித்தபோது நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

காலையில் சுண்டு நோட்டை உற்றுப் பார்த்தாள்.

“இதை நான் எழுதலையே.”

“தூக்கத்துல எழுதினியோ என்னமோ.”

“இடது கையா?” என்று கேட்டாள் சுண்டு. “கொம்பெல்லாம் அந்தப் பக்கம் சாயுது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஸ்டெனோ விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் அரைப்பக்கம், பிறகு ஒரு பக்கம், பிறகு இரண்டும். அம்மா எழுதும் நேரத்தில் மகள் சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் கதை டைப் செய்தாள். விரலுக்கு ஈடாக வாயும் ஓடும். தானே சொல்லி, தானே அடித்து, தானே சிரிப்பாள். ‘ண போட்டா மூணு சுழியும் தானா வந்துடுதும்மா!’ என்பாள். தினமும் அழுதுகொண்டிருந்த மேஜையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போது, பழையபடி பென்சிலை அந்தக் கையில் திணிக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

வீட்டு வேலை மிஞ்சிய நாட்களில் நோட்டை நீதிமன்றத்துக்கே எடுத்துப்போனாள். மதிய இடைவேளையில் மேஜை இழுப்பறையைப் பாதி திறந்து, அதற்குள் நோட்டை வைத்து எழுதுவாள். பதிவறை எழுத்தர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, இடது கைக்கு மாறிட்டீங்க?”

“மணிக்கட்டு வலிண்ணே. டைப் அடிச்சு அடிச்சு.”

வாய்தவறி வந்த பொய். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் தைலம் கொண்டுவந்தார். இன்னொருவர் மணிக்கட்டில் மாட்டும் பட்டை வாங்கிக்கொடுத்தார். நீதிபதி காதுக்கும் போய், அவர் பாவப்பட்டு வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாயிற்று. ‘எனக்கு ஒண்ணுமில்லை ஐயா, வேகமாச் சொல்லுங்க’ என்று எந்த வாயால் சொல்வாள்? நோகாத மணிக்கட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டு, வீட்டுக்கு இன்னும் தாமதமாகப் போனாள். தாமதமாகப் போனதால் நோட்டை இன்னும் அதிகமாக அவளே எழுத வேண்டியிருந்தது.

இதில் அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. தினமும் எழுதிப் பழகி அவளுடைய இடது கை தேறிவிட்டது. கோடு நேராயிற்று, சுழி உருண்டு வந்தது. நோட்டில் வகுப்பு மிஸ் சிவப்பு மையில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினார். சுண்டுவின் எழுத்து முன்னேறிக்கொண்டே போனது. சுண்டுதான் இருந்த இடத்திலேயே இருந்தாள். பயந்துபோய் ஸ்டெனோ ஒருநாள் வேண்டுமென்றே கோணலாக எழுதி அனுப்பினாள். அன்று மாலை மகள் பையை வீசிவிட்டு வந்து நின்றாள்.

“ஒழுங்கா எழுதும்மா! இன்டர்வெல்ல என்னை நிறுத்திவெச்சு, ஏன் கவனமில்லைன்னு மிஸ் கேட்டாங்க. உன்னால எனக்குத் திட்டு.”

ஒழுங்காக எழுதினாள். வேறு என்ன செய்ய?

மிஸ்ஸின் போன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

“சுண்டு அம்மா, அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். டேப்பே வேண்டாம்னு ஒரு கோஷ்டி, கையெழுத்தே வேண்டாம்னு ஒரு கோஷ்டி. பிரின்சிபால் சார், திட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டணும்ங்கறாரு. நான் நம்ம சுண்டுவைத்தான் சொல்லியிருக்கேன். டைப் பண்ற கதையும் நம்பர் ஒன், கையெழுத்தும் நம்பர் ஒன். வீட்ல எப்படி உட்கார வைக்கறீங்கன்னு நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்.”

“நானா?”

“கூச்சப்படாதீங்க!”

அன்று இரவு கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். “இடது கையிலயா? நீ வலது கையில எழுதினாலே பாதி புரியாதே.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “மிஸ்கிட்ட போய்ச் சொல்லிடு. தூக்குலயா போடப்போறாங்க?” என்றார்.

“நீங்க லாரியில உட்கார்ந்துட்டு சொல்லுவீங்க.”

“வேற வழி இருந்தா நீயே சொல்லு.”

வேறு வழி இல்லை. ஜுரம் என்று சொல்லி மகளை வீட்டில் நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தாள். ஆனால் சுண்டு மேடையில் கதை படிக்கப்போகிற சந்தோஷத்தில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். மிஸ் சின்னப் பெண், கல்லூரி முடித்து வந்த முதல் வருஷம். ஸ்டெனோ சுற்றி வளைக்காமல் சொன்னாள். மிஸ் ஒரு குட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் மார்புவரை வந்தது.

“எப்போதிருந்து?”

“ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லேருந்தே.”

“எல்லாமேவா?”

“முதல்ல அரைப்பக்கம். அப்புறம் எல்லாமே.”

கோபப்படுவார் என்று காத்திருந்தாள் ஸ்டெனோ. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு நாளாவது பக்கத்துல உட்கார்ந்து அவ எழுதறதை நான் பாத்திருக்கணும்,” என்றார் மிஸ். “டேப்புக்கு சார்ஜ் போட்டு, பாஸ்வேர்டு போட்டு, உடைஞ்சா கணக்கு சொல்லி... அதுக்கே பொழுது போயிடுது. சரி. இப்ப நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் போயாச்சு. என் பேர் போட்டு. எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை.”

“நான் வேணா பிரின்சிபால்கிட்ட...”

“வேண்டாம்!” மிஸ் கதவைப் பார்த்தார். “கதை மட்டும் படிக்கச் சொல்றேன். எழுதச் சொல்ல மாட்டேன். நீங்களும் எதுவும் சொல்லாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

சொல்லிவிட்டால் விட்டது என்று நினைத்து வந்தவள், இன்னொருத்தியின் வேலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு படி இறங்கினாள்.

கூட்டத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. வாசலிலேயே அவளை அடையாளம் கண்டு முன்வரிசையில், இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். விளக்கை அணைத்துத் திரையில் நோட்டுப் பக்கங்களைக் காட்டினார் பிரின்சிபால். அவளுடைய இடது கை எழுத்து, கதவு அகலத்துக்கு. “வருஷ ஆரம்பத்தில் இப்படி, இப்போது இப்படி!” என்றார். அரங்கம் வியந்தது. ஓரத்தில் நின்ற மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுண்டு மேடையேறி, தான் டைப் செய்த கதையைப் படித்தாள். பள்ளிக்கூடம் போகிற ஒரு கொசுவின் கதை. கொசு பதில் சொல்லக் கை தூக்கும்போதெல்லாம் எல்லோரும் பட்பட்டென்று கைதட்டுகிறார்கள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கொசு தினமும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்டெனோவுக்கும் ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோய்ப் பெருமையில் கண் நிறைந்தது.

அப்போதுதான் நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சுண்டுவின் வகுப்புப் பையனுடைய அப்பா, பல் டாக்டர்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்ல தினமும் இந்த ரெண்டு பக்கத்துக்காகப் போர் நடக்குது. பையன் அழாத நாள் இல்ல. இந்தக் குழந்தைக்கு மட்டும் எப்படி முடியுதுன்னு பாக்கணும். அந்தக் கதையிலேருந்தே ஒரு வரி போர்டுல எழுதட்டுமே?”

மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரின்சிபால், “தாராளமாக!” என்று மார்க்கரை எடுத்துச் சுண்டுவின் கையில் கொடுத்துவிட்டார்.

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். ஸ்டெனோ எழுந்துகொள்ள நினைத்தாள். அதற்குள் மகள் பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பலகையின் இடது ஓரத்தில் தொடங்கினாள் சுண்டு. க எழுதினாள். கால் போட்டாள். கொம்புக்கு இடம் தேடினாள். பலகை அங்கேயே முடிந்துவிட்டது. கொம்பில் பாதி சட்டத்தின் மேல் ஏறியது. உள்ளங்கையால் அழித்தாள், கையெல்லாம் நீலம். மறுபடி க, மறுபடி கால். கடைசியில் கொம்பைத் தலைக்கு மேல் தொப்பிபோல வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனாள். ‘கொசு பள்ளிக்கூடம் போனது’ என்ற மூன்று வார்த்தையும் மலையிலிருந்து இறங்குவதுபோலச் சரிந்துகொண்டே வந்து, கடைசி எழுத்து அவள் இடுப்புக்கு நேராக முடிந்தது.

“மேடைக் கூச்சம்,” என்றார் பிரின்சிபால். “குழந்தைதானே! எல்லாரும் ஒரு கைதட்டல் கொடுங்க.”

கொடுத்தார்கள். சுண்டு நீலக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அந்தக் கைதட்டல் முடிவதற்காகக் காத்து நின்றாள். அதைப் பார்க்க முடியாமல்தான் ஸ்டெனோ எழுந்தாள். மிஸ் வேண்டாம் என்று தலையசைத்தது தெரிந்தது. தெரிந்தும் பேசினாள்.

“அந்த நோட்டுல இருக்கறது என் எழுத்து. நான்தான் எழுதினேன். இடது கையால. சுண்டுவுக்கு இது தெரியாம இல்ல, ஆனா தப்பு என்னோடது.”

யாரோ சிரித்தார்கள், அன்பாகத்தான். பக்கத்து நாற்காலி அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிரின்சிபால் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார்.

“பார்த்தீங்களா ஒரு தாயோட மனசை! குழந்தை தலைகுனியக்கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கறாங்க.”

முன்னைவிடப் பலமான கைதட்டல். “இல்லை, நிஜமாத்தான் சொல்றேன்,” என்றாள் ஸ்டெனோ. மைக் அதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டது. நீதிமன்றத்தில் யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள அவள் ஒருத்தி இருப்பாள். இங்கே அவள் சொன்னதை எடுத்துக்கொள்ள யாரும் இல்லை.

வெளியே வரும்போது பல் டாக்டர் மட்டும் ஓரமாக வந்து நின்றார்.

“நீங்க சொன்னதை நான் நம்பறேன்,” என்று குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்ல நானும் முயற்சி பண்ணினேன். வலது கையால. ஒரு எழுத்துகூடப் புரியலைன்னு மிஸ் திருப்பி அனுப்பிட்டாங்க.” பிறகு சுண்டுவிடம் குனிந்து, “மன்னிச்சுக்கோ கண்ணு. நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது,” என்றார்.

பஸ்ஸில் சுண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கை கழுவினாள், நீலம் போகவில்லை.

“அவங்க ஏன்மா கைதட்டினாங்க? தப்பாத்தானே எழுதினேன்.”

“தெரியலடா.”

“நீ நிஜத்தைச் சொன்னே. அதுக்கும் தட்டினாங்க.”

“ஆமா.”

“இனிமே என் நோட்டுல நீ எழுதக்கூடாது.”

“சரி.”

திங்கட்கிழமை சுண்டு கொண்டுபோனது நான்கே வரி, அதில் ஒன்று பாதி. மிஸ் அதை நெடுநேரம் பார்த்தார் என்றும், சிவப்புப் பேனாவை எடுத்தவர் அதைத் திரும்ப வைத்துவிட்டார் என்றும் சுண்டு வந்து சொன்னாள். அந்த வாரமே மிஸ் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். காலையில் டேப்களை அலமாரியிலிருந்து எடுப்பதற்கு முன் எல்லாப் பிள்ளைகளையும் கையால் மூன்று வரி எழுதச் சொல்லி, வரிசை வரிசையாக நடந்து, யார் பென்சிலை எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்று குனிந்து பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, வகுப்பில் பாதிப் பேர் கொம்பைக் கடைசியில்தான் போடுகிறார்கள் என்று. மூன்று வரி முடிந்ததும் டேப். கதையைக் கீயில் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டுக்கு இரண்டு பக்கம் என்பதை நிறுத்திவிட்டார்.

அது பிரின்சிபாலுக்குத் தெரிய வந்தபோது மிஸ்ஸுக்குச் சரியான டோஸ் விழுந்தது. திட்டத்தை மாற்ற அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? வருஷ முடிவில் அவருடைய வேலை நிரந்தரமாகவில்லை, தற்காலிகமாகவே இன்னொரு வருஷம் நீட்டினார்கள். ஸ்டெனோவைப் பார்த்தால் இப்போதும் வணக்கம் சொல்வார். பழைய கலகலப்பு இல்லை. ஸ்டெனோவும் அதை எதிர்பார்க்கவில்லை.

பள்ளி அலுவலகத்துக்கு வெளியே, வராந்தாச் சுவரில், அந்த நோட்டுப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். எடுத்துவிடும்படி அவள் இரண்டு தடவை போய்க் கேட்டாள். “எதுக்கு இவ்வளவு அடக்கம்?” என்று சிரித்தார் பிரின்சிபால். புது அட்மிஷனுக்கான காகிதத்திலும் அதையே அச்சடித்தார்கள். தினமும் காலையில் மகளை விட வரும்போது அதைக் கடந்துதான் போக வேண்டும். வேறு வாசல் கிடையாது.

கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் ஒருநாள், ஒரு இளம்பெண் சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சட்டத்தின் முன் நின்றிருந்தாள். கீழே எழுதியிருந்த பெயரையும் சுண்டுவின் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க பொண்ணாங்க? இவ்ளோ அழகா எழுதுதே! எங்க பையனுக்குப் பென்சில் பிடிக்கவே வரலை. எனக்குப் பயமா இருக்கு.”

ஸ்டெனோ பதில் சொல்வதற்குள் சுண்டு பையைத் திறந்து தன் நோட்டை எடுத்து நீட்டினாள்.

“நான் எழுதினது இது.”

எழுத்து இன்னும் ஏறி இறங்கித்தான் இருந்தது. சில இடங்களில் கொம்புக்கு விட்ட இடம் அளவுக்கு அதிகமாகி, அது தனியாக நின்றது. அந்தப் பெண் மரியாதைக்காக இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தாள்.

“அதுதான் இன்னும் நல்லா இருக்கு, இல்ல?”

“அது அழகா இருக்கும் ஆன்ட்டி. ஆனா அதை எழுதினவங்களுக்குக் கதை வராது,” என்று சொல்லிவிட்டுச் சுண்டு மணிச் சத்தத்துக்கு ஓடிப்போனாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெனோ வராந்தாவின் மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். நீதிமன்றத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பக்கத்தில் இடம் காட்டி, “உட்காருங்க, சொல்றேன்,” என்றாள். அந்தப் பெண் பையனை மடியில் இருத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கையிலிருந்து ஆரம்பித்தாள் ஸ்டெனோ.